கண்மாய்க்குள் மூன்று சுற்று

"வண்டியை வந்து பாருங்கள்" என்று அவர் போனில் சொல்லவில்லை. "வண்டி ஒங்களப் பாக்கணுங்குது தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். இப்படிக் கூப்பிடுகிறவரிடம் நாளைக்கு, நாளை மறுநாள் என்று இழுக்க எனக்கு வாய் வராது. மறுநாள் காலையிலேயே அருப்புக்கோட்டையில் பரளச்சி பஸ் ஏறிவிட்டேன்.

நான் மெக்கானிக் வேலையை முறையாகப் படித்தவன் இல்லை. விசைத்தறி ஃபிட்டராக இருந்தவன். தறி ஓடாத நாட்களில் என் சொந்த வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பழகினேன். பிரிக்க ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பூட்டத் தெரிய மூன்று வருஷம் ஆனது. இப்போது டவுனில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். புகை கக்குகிற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் ஜனங்கள் என் பட்டறைக்குத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். வண்டியை விட, வண்டியோடு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். "கிக்கர அடிச்சா எங்க மாமனாரு மாதிரி இருமுதுண்ணே, எந்திரிக்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னதைப் பழைய டைரி ஒன்றில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு வண்டியின் சீக்கை அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போனில் கூப்பிட்டவர் பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் மானாவாரி விவசாயம் பார்க்கிற சம்சாரி. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, முழங்கால் இரண்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். பருத்தி போட்டு வைக்கிற அறையைத் திறந்து, மூடியிருந்த சாக்கை உருவினார்.

மண் ரேஸ் வண்டி. மோட்டோகிராஸ் என்பார்களே, தார் ரோட்டில் இல்லாமல் மேடும் பள்ளமுமான மண்ணில் தாவித் தாவி ஓட்டுவது, அதற்கென்றே ஜப்பானில் செய்த டூ ஸ்ட்ரோக் வண்டி. எனக்குக் கிட்டத்தட்ட அதன் வயசுதான் இருக்கும். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு கோழி நின்று முட்டையிடலாம், அவ்வளவு இடைவெளி. சைலன்சர் வயிறு பெருத்து, இன்ஜினைச் சுற்றி மேலேறிப் பின்னால் போனது. படத்தில்தான் இந்த மாதிரி வண்டியைப் பார்த்திருந்தேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

அவர் வாலிபத்தில் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்தாராம். அந்தப் பக்கம் நடக்கும் மண் ரேஸ்களில் நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஓட்டுவதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது சீர்வரிசை மாதிரி வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"லைட்டு கிடையாது, ஆரன் கிடையாது, பின்னாடி உக்கார எடங்கெடையாது" என்றார் அவர் மனைவி, கதவில் சாய்ந்துகொண்டு. "குடும்பஸ்தன் வச்சிருக்கிற வண்டியா தம்பி இது?"

"வாங்குனப்ப ஒன்னையத் தெரியாதுல்ல" என்றார் அவர்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் சீட்டு போட்டிருப்பீகளாக்கும்."

அன்றைக்கே அந்த அம்மாவை மதினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் எனக்கு அண்ணன் ஆனார்.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தட்டித் தட்டி உருவினேன். இந்த மாதிரி இன்ஜினைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோயிலில் திரையை விலக்குகிற மாதிரி இருக்கும், இன்றைக்கு வரைக்கும். உள்ளே வால்வு கிடையாது, அதை இழுக்கச் செயின் கிடையாது. பிஸ்டன், அதன் தண்டு, அடியில் சுழலுகிற கிராங்க், அசைவது இவ்வளவுதான். சிலிண்டர் சுவரில் சில ஓட்டைகள். பிஸ்டன் ஏறும்போது ஒரு ஓட்டை மூடும், இறங்கும்போது ஒன்று திறக்கும். அந்தச் சைலன்சருக்கு ஏன் வயிறு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வெளியே போகிற புகையின் பின்னாலேயே கொஞ்சம் எரியாத பெட்ரோலும் ஓடப் பார்க்கும். புகையோடு போன அழுத்தம் அந்த வயிற்றின் கடைசிக் கூம்பில் முட்டித் திரும்பி வந்து, ஓடுகிற பெட்ரோலைப் பிடித்து மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிட்டுப் போகும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. வெறும் தகரம், உள்ளே ஒன்றுமே இல்லை. இதை யோசித்தவன் எந்த மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தானோ.

"எத்தன நாளாகும் தம்பி?" என்றார் அண்ணன்.

அவசரம் இல்லாத வேலைதானே என்று சொல்லப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த சாக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"கண்ணுல பிரஷராம். எடது கண்ணு போயிருச்சு. வலது கண்ணு குழா வழியாப் பாக்குற கணக்கா இருக்கு. நேரா இருக்கது தெரியும், பக்கத்துல வாரது தெரியாது. இது எப்ப வரைக்கும்னு மதுரையில டாக்டர்ட்டக் கேட்டேன். அவுக என் கையப் பிடிச்சாகளே ஒழிய, பதில் சொல்லல."

மதினி உள்ளே போய்விட்டார்.

"மூணு சுத்து தம்பி. கண்மாய்க்குள்ள. பார்வை இருக்கும்போதே ஓட்டிப் பாத்துரணும்."

எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். வயலுக்குப் போட ஜனங்கள் வண்டல் அள்ளிய இடமெல்லாம் குழியும் மேடும். எந்த ரேஸ் கம்பெனிக்காரன் வந்து போட்டாலும் அப்படி ஒரு ஓட்டப்பாதை போட முடியாது. ஆனால் அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால், கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். கண்மாய் பெருகிவிட்டால் அடுத்த சித்திரை வரைக்கும் உள்ளே கால் வைக்க முடியாது. அடுத்த சித்திரையில் அண்ணனுக்குப் பார்வை இருக்குமா என்பதுதான் டாக்டர் பதில் சொல்லாத கேள்வி.

இதில் இன்னொரு சங்கடம். அவர் புழுதியிலேயே குதிரைவாலியை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார். "ஊரே வானத்தப் பாத்து வா வாங்குது, இவுக மட்டும் கொஞ்சம் பொறுங்குறாக. சாமி யார் பேச்சக் கேக்கும்?" என்றார் மதினி. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கே அது வெட்கமாகத்தான் இருந்தது.

பிஸ்டன் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் வீரசோழனில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் பாய் ஒருவர், மலேசியாவில் இருக்கிற மச்சான் மூலம் பிடித்து, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பிஸ்டன் அளவுக்குத் தோதாகச் சிலிண்டரைக் குடைய, லேத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, "புள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது, மூஞ்சியத் தொறந்து விடுப்பா" என்றார். திறந்து காட்டினேன். "அப்பன் சாடையா, ஆத்தா சாடையா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையும் டைரியில் எழுதினேன்.

லேத்துக்காரர் குடைந்து முடித்துவிட்டு, "இதுக்கு மேல சொவத்துல சதை இல்ல. இந்தப் பிஸ்டன் சூட்டுல சொவரப் பிடிச்சு இறுகுச்சுன்னா அவ்வளவுதான்" என்றார். எனக்குத் துண்டு இன்னும் கனத்தது.

வண்டியை என் பட்டறைக்கு அனுப்ப அண்ணன் சம்மதிக்கவில்லை. அதனால் மற்ற வேலையெல்லாம் அவர் வீட்டு வேப்ப மரத்தடியில்தான். கார்பரேட்டர் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. புளித் தண்ணீரில் போட்டு வேகவைத்தேன். இது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம், பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று வந்தது. தொட்டித் தண்ணீரில் நாலு முறை அலசி, சைக்கிள் பம்பால் ஊதி, வெயிலில் காயவைத்துப் பூட்டினேன்.

புதுப் பிஸ்டனைப் பழக்க, இரண்டு நாள் நானே மாட்டு வண்டிப் பாதையில் மெல்ல உருட்டினேன். நெருப்புப் பொறி விடுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை கருப்பட்டி நிறத்தில் இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிளக்கின் நிறம்தான் சொல்லும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் இதில் பிஸ்டனுக்கும் எண்ணெய். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூட்டில் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டி நிறம் என்றால் எல்லாம் சரி.

அந்த இரண்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் கண்மாய்க்குள் கருவேல முள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மதினி கூட்டிய பக்கம் களம் மாதிரி சுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அண்ணன் வண்டியில் ஏறினார். ஒரே உதையில் எழுந்தது. அந்தச் சத்தம் கரையில் மோதித் திரும்பி வந்தது. அவர் நின்றுகொண்டுதான் ஓட்டினார், உட்காரவே இல்லை. வளைந்த முழங்கால்கள் எதற்கு வளைந்தவை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையில் நடக்கும்போது தடுமாறுகிற மனிதர், முதல் குழியில் இறங்கி மேட்டில் ஏறி, இரண்டு சக்கரமும் மண்ணை விட்டுக் கிளம்ப, அந்தரத்தில் ஒரு கணம் அப்படியே நின்றார். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன். புழுதி உள்ளே போன பிறகுதான் மூடினேன்.

பாதிச் சுற்று இருக்கும். நேர்த் தடத்தில் முழுசாக முறுக்கினார். திடீரென்று சத்தம் அறுந்தது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து நின்றது.

ஓடினேன். இன்ஜினோடு சேர்ந்து பின் சக்கரமும் இறுகியிருந்தால் அந்த வேகத்துக்குத் தூக்கி எறிந்திருக்கும். அவரோ சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"சத்தம் மெலிஞ்சுச்சு தம்பி. பிடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சது. கிளச்ச அமுக்கி சக்கரத்தப் பிரிச்சு விட்டுட்டேன்."

"எப்ப தெரிஞ்சுச்சு?"

"எனக்கு எங்க தெரிஞ்சுச்சு. விரலுக்குத் தெரிஞ்சுச்சு."

அவருடைய இடது கை இரண்டு விரல்கள் இன்னும் கிளட்ச் லீவர் மேலேயே இருந்தன. வண்டி ஓட்டின அத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. மண்ணில் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்களாம். முப்பத்தைந்து வருஷம் கலப்பையையும் மண்வெட்டியையும் பிடித்த பிறகும் அந்த இரண்டு விரலும் தங்கள் வேலையை மறக்கவில்லை. நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு வெள்ளை. சிலிண்டரை உருவினேன். புகைத் துவாரத்துப் பக்கம் பிஸ்டனில் லேசான கீறல், அவ்வளவுதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் சிக்காமல் நகர்ந்தது. சுவரில் அலுமினியம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, தேய்த்தால் போய்விடும். கிளட்சை அமுக்க இன்னும் ஒரு கண்ணிமைப்பு தாமதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

கார்பரேட்டரைத் திறந்து, முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடுகிற பெரிய ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி முனையளவு ஓட்டை பாதி அடைத்திருந்தது, வெள்ளையாக. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

எனக்குப் புரிந்துபோனது. என் பட்டறையில் வருவது ஆற்றுத் தண்ணீர். இங்கே தொட்டியில் இருப்பது போர் தண்ணீர், சோப்புப் போட்டால் நுரைக்காது, பாத்திரம் காய்ந்தால் வெள்ளை பூக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. லாரியில் வருகிற நல்ல தண்ணி குடிக்கவும் சோறாக்கவும், மற்ற எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக் குடத்தில் கை கழுவுகிறவனை இங்கே யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் அலசிக்கொண்டிருந்தபோது மூன்று பேருமே பக்கத்தில்தான் இருந்தோம். நல்ல தண்ணிக் குடம் எட்டடியில் இருந்தது. ஒருத்தர் மனசுக்கும் தோன்றவில்லை. உள் துவாரங்களில் காய்ந்த உப்பு, மெல்ல ஓட்டியபோது சும்மா இருந்து, முழு வேகத்தில் உதிர்ந்து ஜெட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நான்தாண்ணே காரணம்" என்றேன். "உப்புத் தண்ணியில அலசிட்டேன். ஒங்கள கொன்னுருப்பேன்."

"தொட்டியக் காட்டுனது நாந்தான" என்றார் அவர். "ரெண்டு பேருமாக் கொன்னுருப்போம்."

மதினி உள்ளே போய், நல்ல தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பிடி தம்பி" என்று டம்ளரில் மொண்டு மொண்டு கார்பரேட்டர் மேல் ஊற்றினார். அரைக் குடம் போயிருக்கும். "குடி, நல்லாக் குடி" என்றார் அதைப் பார்த்து. "எனக்கு மூத்தவளாச்சே, ஒனக்கு இல்லாததா." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒவ்வொரு துவாரத்திலும் ஊதினேன், கழுவினேன், மறுபடி ஊதினேன். பிஸ்டன் கீறலை நைஸ் உப்புத்தாளில் தடவித் தடவி எடுத்தேன். சிலிண்டருக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் கிழிந்துபோயிருந்தது, அதற்குப் பதில் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போட்டேன். கடைசி போல்ட்டை முறுக்கும்போது மணி நான்கு. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மண் வாசம் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். "வானம் இருட்டிருச்சு. எனக்கு மேடு எது, பள்ளம் எதுன்னு தெரியாது."

நாளைக்கு அந்தக் கண்மாயில் காலே வைக்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். இப்போதே ஓட்டுங்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. காலையில் அவரைக் கொல்லப் பார்த்தவன் நான்.

மதினி வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒரு பட்டுச் சேலை கட்டியிருந்தார். விசேஷ வீட்டுக்குப் போகிற மாதிரி.

"நேரா இருக்கது தெரியும்ல?" என்றார். "நான் அந்தக் கடைசித் திருப்பத்து மேட்டுல நிக்கிறேன். என்னையப் பாத்து வாங்க. தம்பி வெள்ளச் சட்டைதான, இந்தத் திருப்பத்துல நிக்கட்டும். அங்கன இருந்து தம்பியப் பாத்து வாங்க."

"ஒம் மேல ஏத்திட்டா?"

"இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் நேரா எம் பக்கம் வந்துருக்கீகளா? இன்னைக்காச்சும் வாங்க."

காலையில் பார்த்தது ஒரு ஓட்டம். மாலையில் பார்த்தது வேறு. முதல் சுற்றை அளந்து அளந்து ஓட்டினார். மஞ்சளை நோக்கி ஒரு கோடு, வெள்ளையை நோக்கி ஒரு கோடு, அவருக்கு உலகம் அந்த நேரத்தில் அவ்வளவுதான். இரண்டாம் சுற்றில் சத்தம் கூடியது. நான் பிளக்கை நினைத்துக்கொண்டு, கையை இறுக மூடி நின்றிருந்தேன். சத்தம் மெலியவில்லை. மூன்றாம் சுற்றில் நேர்த் தடத்தில் முழுக்க முறுக்கினார். அந்த வயிறு பெருத்த சைலன்சர் பாடியதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கறுத்த வானம், கறுத்த மண், நடுவே அந்த மஞ்சள். அதை நோக்கி அவர் மேட்டிலிருந்து எழும்பினார். எவ்வளவு உயரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சக்கரத்துக்கு அடியில் தூரத்துக் கரையும் அதன் மேல் பனை மரங்களும் தெரிந்தன. மதினி ஓரடி கூட நகரவில்லை.

இறங்கினார், சுற்றினார், என்னைத் தாண்டி மறுபடி மதினியிடம் போய், எட்டடி முன்னால் இன்ஜினை அணைத்து நிறுத்தினார். நான் ஓடிப் போய்ச் சேரும்போது முதல் தூறல் சூடான சிலிண்டரில் விழுந்து சுள்ளென்றது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மதினி அவர் முகத்துப் புழுதியைப் பட்டு முந்தானையாலேயே துடைத்துவிட்டார்.

"பிளக்கக் கழட்டுங்க தம்பி" என்றார் அண்ணன்.

துணியைச் சுற்றிக் கழற்றிக் கொடுத்தேன். வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவருக்கு நிறம் பிடிபடவில்லை. என்னிடம் நீட்டப் போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் மதினியிடம் கொடுத்தார்.

"என்ன நெறத்துல இருக்கு பாரு."

மதினி அதைத் துணியோடு வாங்கி, நகைக் கடையில் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"கருப்பட்டிதான்" என்றார். "நல்ல கருப்பட்டி."

"அப்பச் சரி" என்றார் அண்ணன். தூறல் வலுத்தது. மண் ஒட்ட ஆரம்பிக்குமுன் கரை ஏற்றிவிட வேண்டும் என்று மூன்று பேருமாக வண்டியைத் தள்ளினோம். குதிரைவாலி விதைத்திருந்த புழுதிக் காட்டைத் தாண்டும்போது மட்டும் அவர் கொஞ்சம் நின்றார். மழை தரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தலையைத் துடைக்காமல், நின்றார்.